நினைவு தெளிவாக இருக்கும்போதே ஏற்றி அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். அரச வைத்தியசாலை மருந்தகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது உவர்மலையில் வசித்துவருகிறேன். கல்லீரல் திடீரெனச் செயலிழந்து மாற்று ஈரலுக்காகக் காத்திருக்க நேரும் நோயாளருக்கும், அவர்களைச் சூழ்ந்து நிற்கும் குடும்பத்தாருக்கும் திருகோணமலையிலிருந்து நாம் என்ன செய்யலாம் என்பது பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. இடமின்மையால் சுருக்க நேர்ந்தால் பணம், தங்குமிடம் பற்றிய பகுதிகளைத் தயங்காமல் வெட்டுங்கள். நோயின் முதல் அடையாளங்களைச் சொல்லும் பகுதியை மட்டும் அப்படியே விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் தங்கையின் மகனுக்கு வயது இருபத்தாறு. பாலையூற்றில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்துவந்தான். காசநோய் என்று கண்டறியப்பட்டு, மார்பு நோய் கிளினிக்கில் கொடுத்த குளிசைகளை ஒரு நாளும் தவறாமல் விழுங்கிவந்தான். ஆறாவது கிழமையில் அவனுக்குச் சாப்பாட்டில் வெறுப்பும் குமட்டலும் தொடங்கின. சிறுநீர் கறுத்துப் போனது. ஆனால் காசநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளுள் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் என்று முதல் நாளே கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அதனால் நிறம் மாறியதை எவரும் பொருட்படுத்தவில்லை. கண் வெண்படலம் மஞ்சளானபோதுதான் வீட்டார் திடுக்கிட்டார்கள். அப்போதும் அவர்கள் வாயில் வந்த சொல் செங்கமாரி. செங்கமாரிக்கு எங்கள் ஊரில் என்ன செய்வார்களோ அதெல்லாம் நடந்தது. கீழ்க்காய்நெல்லி அரைத்து மோரில் கரைத்துக் கொடுத்தார்கள். எண்ணெயையும் மீனையும் நிறுத்திப் பத்தியம் வைத்தார்கள். தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில் வாந்திக்கு ஒரு குளிசையும் சத்துக்கு ஒரு குளிசையும் கொடுத்தார்கள். அங்கே எவரும் வேறு என்ன மருந்து எடுக்கிறாய் என்று கேட்கவில்லை. ஆகவே ஒன்பது நாள்கள், ஈரலை எரித்துக்கொண்டிருந்த அதே குளிசைகளையும் அவன் ஒழுங்காக விழுங்கிக்கொண்டே இருந்தான். நானோ அப்போது கொழும்பில் மகள் வீட்டில் இருந்தேன். தொலைபேசியில் தங்கை சொன்னபோது, மருந்தாளனாகிய நானே "பத்தியத்தைக் கவனமாகப் பார்" என்றுதான் சொன்னேன். இதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை.

பத்தாம் நாள் வைத்தியசாலை ஒன்றில் சேர்த்தார்கள். நானும் அன்று மாலையே ஊர் வந்து சேர்ந்தேன். குருதி உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு, சாதாரண மனிதருக்கு ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, அவனுக்கு 2.1 ஆக இருந்தது. மறுநாள் 3.4. அன்று பின்னேரம் விடுதியில் அவன் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "முதலாளி, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை ஒருக்கா எடுங்கோ" என்றான். பிறந்த நாளிலிருந்து என்னை மாமா என்று அழைத்தவன். அவன் மனைவி சிரித்தாள், நானும் சிரித்தேன். அவன் பகிடிக்காரன், நோயிலும் குணம் போகவில்லையே என்று எண்ணினோம். அன்றிரவு முழுதும் அவன் தூங்கவில்லை. பகலில் எழுப்ப எழுப்பத் தூங்கினான். கடமையிலிருந்த தாதி ஒருவர் மிகவும் கெட்டிக்காரி. சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு தாளைக் கொடுத்து அவன் பெயரை எழுதச் சொன்னார். காலையில் எழுதிய பெயர் நேராக இருந்தது. நண்பகலில் எழுத்துகள் கீழ்நோக்கிச் சரிந்தன. மாலையில் ஒரே எழுத்தை மூன்று முறை எழுதிவிட்டுப் பேனையைக் கீழே போட்டான். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி உள்ளங்கையை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னால், நனைந்த காகம் சிறகை உதறுவதுபோல மணிக்கட்டு விட்டுவிட்டுத் துடித்தது.

அந்தத் தாளைத் தாதி வைத்தியரிடம் காட்டியும் இருக்கிறார். ஆனால் அது ஒரு நீண்ட வார விடுமுறை. பெரிய வைத்தியசாலையின் ஈரல் பிரிவுக்குத் தொலைபேசி அழைப்பு போனது அதற்கு இரண்டாவது நாள், அவன் அழைத்தாலும் கண் திறக்காத நிலைக்குப் போன பிறகே.

இந்த இரண்டு நாள்களைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். நாட்பட்ட ஈரல் நோயைப் பற்றி நம்மவர்களுக்கு ஓரளவு தெரியும்; குடி, கொழுப்பீரல், வயிற்றில் நீர் என்று ஆண்டுக்கணக்கில் நடக்கும் கதை அது. திடீர் ஈரல் செயலிழப்பு வேறு வகை. முன்பு ஈரல் நோயே இல்லாத ஒருவருக்கு, பெரும்பாலும் இளவயதினருக்கு, சில நாள்களில் அல்லது சில கிழமைகளில் ஈரல் கைவிட்டுவிடும். ஐ.என்.ஆர். 1.5க்கு மேல் போவதும் அறிவில் தடுமாற்றம் தொடங்குவதும் சேர்ந்தால் அதற்கு இந்தப் பெயரைக் கொடுக்கிறார்கள். ஈரல் வடிகட்ட வேண்டிய அமோனியா குருதியில் ஏறி மூளைக்குப் போகிறது. மூளைக் கலங்கள் நீரை உறிஞ்சி வீங்குகின்றன. மண்டையோடு விரிந்து கொடுப்பதில்லை. ஆகவே நோய் ஈரலில் தொடங்கினாலும் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மூளை வீக்கம், அல்லது கிருமித் தொற்று, அல்லது சிறுநீரகம் முதலிய மற்ற உறுப்புகளும் சேர்ந்து படுத்துவிடுவது.

காரணங்கள் பல. ஹெபடைற்றிஸ் ஏ, பி, ஈ ஆகிய வைரசுகள், கடும் டெங்கு, அளவுக்கு மிஞ்சிய பரசிட்டமோல், காசநோய் மருந்துகள், வலிப்பு நோய் மருந்துகள் சில, கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் வரும் ஈரல் கொழுப்பேற்றம், இளையோரில் செம்புச் சத்துத் தேங்கும் வில்சன் நோய், எதுவென்று கண்டுபிடிக்க முடியாதவை என்று அது நீளும். நோய் மெல்ல மெல்ல வந்தால் உடம்பு தாங்கிக்கொள்ளும் என்று நாமெல்லாம் நினைக்கிறோம். இந்த நோயில் அது தலைகீழ். மஞ்சள் கண்டு ஒரு கிழமைக்குப் பிறகு மெதுவாக மயக்கம் வருபவர்களே, மாற்று ஈரல் இல்லாமல் தேறுவது அரிது. இலண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் 1989இல் வகுத்து இன்றுவரை உலகெங்கும் பயன்படுத்தும் அளவுகோலில், மஞ்சளுக்கும் மயக்கத்துக்கும் இடையே ஏழு நாள்களுக்கு மேல் இடைவெளி இருப்பது ஒரு கெட்ட அறிகுறியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இனி, காத்திருக்கும் நாள்களில் நோயாளரைத் தாங்கிப் பிடிப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். இந்த நோயில் ஈரல் சில வேளை தானாகவே மீண்டு வளர்ந்துவிடும். மாற்று ஈரல் கிடைக்கும் வரையோ, சொந்த ஈரல் எழுந்து நிற்கும் வரையோ, மற்ற உறுப்புகளைக் காப்பாற்றி வைப்பதே அங்கே நடக்கும் வேலை. ஈரல்தான் சீனியைச் சேமித்து வைத்து வேளை பார்த்து விடும் களஞ்சியம். அது படுத்துவிட்டால் குருதியில் சீனி எந்த நேரமும் விழும். ஆகவே மணிக்கு ஒரு முறை விரல் நுனியில் குத்திப் பார்க்கிறார்கள். கட்டிலின் தலைமாட்டை முப்பது பாகை உயர்த்தி வைப்பதும், குருதியில் உப்பின் அளவை வேண்டுமென்றே சற்று உயர்வாகப் பேணுவதும் மூளை வீக்கத்துக்காக. அமோனியாவை இறக்குவதற்காகச் சிறுநீரகம் முற்றாகப் பழுதாகுமுன்பே குருதிச் சுத்திகரிப்பைத் தொடங்குகிறார்கள். ஆழ்ந்த மயக்கம் நெருங்கினால் சுவாசக் குழாய் போடுகிறார்கள்.

இங்கேதான் குடும்பத்தாருக்கும் ஊழியர்களுக்கும் இடையே மனக்கசப்பு வருகிறது. அந்தச் சண்டைகளுள் இரண்டை நானே போட்டேன் என்பதால் எழுதுகிறேன். என் மருமகன் கட்டிலிலிருந்து இறங்கி ஓடப் பார்த்தபோது, "ஊசி ஒன்று போட்டுத் தூங்க வையுங்களேன்" என்று தாதியிடம் கத்தினேன். அவர் மறுத்துவிட்டார். அந்தக் கட்டத்தில் தூக்க மருந்து கொடுத்தால், ஈரல் அதை உடைத்து வெளியேற்றாது. மயக்கம் மருந்தால் வந்ததா மூளை வீக்கத்தால் வந்ததா என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. அடுத்தது, ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டே போகிறதே, குருதியை உறையச் செய்யும் பொருள்கள் அடங்கிய பிளாஸ்மாவை ஏற்றாமல் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். இரத்தப்போக்கு இல்லாத நோயாளருக்கு அந்த எண்ணைச் சரிசெய்வதற்காக மட்டும் பிளாஸ்மா ஏற்றுவதில்லை. ஈரல் எழுகிறதா வீழ்கிறதா என்று சொல்லும் ஒரே துல்லியமான மணிக்கூடு அந்த எண்தான். பிளாஸ்மா ஏற்றினால் மணிக்கூட்டின் முள்ளைக் கையால் திருப்பி வைத்தது போலாகும். இதை எனக்கு ஓர் இளம் வைத்தியர் இரண்டு நிமிடத்தில், கோபப்படாமல் விளக்கினார். அந்த இரண்டு நிமிடத்தை எல்லாக் குடும்பத்துக்கும், அவர்கள் கேட்பதற்கு முன்பே, அவர்கள் மொழியில் ஒதுக்கினால் விடுதி வாசலில் நடக்கும் பாதிச் சண்டை இல்லாமற்போகும்.

நேரம் ஏன் இவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். பரசிட்டமோல் நஞ்சுக்கு முறிமருந்தாக என்-அசிற்றைல் சிஸ்டீன் என்ற மருந்து நெடுங்காலமாகப் பயன்படுகிறது. முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஈரலை ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றிவிடும். மற்றக் காரணங்களால் ஈரல் செயலிழந்தவர்களுக்கு அது உதவுமா என்று அமெரிக்காவில் 173 நோயாளரிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், மயக்கத்தின் முதல் இரண்டு படிகளில் இருந்தவர்களுள் மருந்து பெற்றோரில் 52 வீதமானோர் மாற்று ஈரல் இல்லாமலே பிழைத்தார்கள். பெறாதவர்களில் 30 வீதம். ஆழ்ந்த மயக்கத்துக்குப் போய்விட்டவர்களுக்கு அதனால் பயன் தெரியவில்லை. அதே குப்பி, அதே மருந்து. முந்திய நாள் கொடுத்தால் ஒரு விளைவு, பிந்திய நாள் கொடுத்தால் வேறு விளைவு.

இடமாற்றத்துக்கும் இதே கணக்குத்தான். இந்நாட்டில் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்யக்கூடிய இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ராகமையிலுள்ள கொழும்பு வடக்குப் போதனா வைத்தியசாலை அவற்றுள் முதன்மையானது. திருகோணமலையிலிருந்து கொழும்புப் பக்கம் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வளைந்து போகும் அந்த வீதியில் எங்கள் அம்பியூலன்ஸ் இரவு பதினொரு மணிக்குப் புறப்பட்டது. கந்தளாய் தாண்டிய பிறகு காட்டுப் பகுதியில் யானையொன்று வீதியைக் குறுக்கறுத்து நின்றது. சாரதி விளக்கைத் தணித்து இருபது நிமிடம் காத்திருந்தார். தம்புள்ளைக்கு அண்மையில் சீனி விழுந்துவிட்டது. கூட வந்த தாதிய உத்தியோகத்தர் அரைமணிக்கு ஒரு முறை விரலில் குத்திப் பார்த்துக்கொண்டே வந்ததால் அது தெரிந்தது. குளுக்கோஸைக் கையோடு கொண்டுவந்திருந்ததால் கொடுக்க முடிந்தது. அவர் பெயரை எழுதினால் சங்கடப்படுவார். ஆனால் அவருடைய அந்தப் பழக்கம் எல்லா இடமாற்றத்துக்கும் எழுத்திலுள்ள விதியாக இருக்க வேண்டும். ஒருவரின் நல்ல குணத்தில் தங்கியிருக்கக் கூடாது.

ஆகவே எங்கள் மாவட்டத்தின் வைத்தியசாலைகளிடமும் சுகாதாரத் திணைக்களத்திடமும் நான் முன்வைக்கும் முதற் கோரிக்கை மிகவும் சிறியது, செலவில்லாதது. மஞ்சளுடன் வந்த ஒருவரின் ஐ.என்.ஆர். 1.5ஐத் தாண்டிய அன்றே, அவர் எழுந்து உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாலும், ஈரல் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போக வேண்டும். அழைத்தால் உடனே அனுப்ப வேண்டும் என்பதில்லை. அங்குள்ளவர்கள் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். எதைப் பார்க்க வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்வார்கள். மறுநாள் மீண்டும் பேசுவார்கள். பேச்சில் சிறு குழப்பம் தெரிந்தாலே ஏற்றி அனுப்பிவிட வேண்டும். ஒரு நோயாளர் ராகமைக்குப் போய் இரண்டு நாளில் தானாகத் தேறித் திரும்பி வந்தால் வீண் அலைச்சல் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். என்னைக் கேட்டால், பத்துப் பேரை வீணாக அனுப்பியதற்காக எந்த வைத்தியரையும் எவரும் கேள்வி கேட்கக் கூடாது. சீனக்குடாவில் விமானப்படைத் தளம் இருக்கிறது, ஓடுபாதை இருக்கிறது. சுவாசக் கருவியில் இருக்கும் நோயாளரை ஆறு மணி நேரம் வீதியில் குலுக்கிக்கொண்டு போவதைவிட அதைப் பயன்படுத்தும் ஏற்பாடு ஒன்றை மாவட்டச் செயலகமும் வைத்தியசாலையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கலாகாதா?

இனி மாற்று ஈரல். மூளை இறந்துவிட்ட ஒருவரிடமிருந்து பெறலாம். அல்லது உயிரோடிருக்கும் உறவினர் ஒருவர் தமது ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கொடுத்தவரின் ஈரல் சில மாதங்களில் பெரும்பாலும் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். இவை பற்றிய சட்டம் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம். நாட்பட்ட நோயில் கொடையாளரைப் பல கிழமைகள் ஆறுதலாகச் சோதிக்கலாம். திடீர்ச் செயலிழப்பில் எல்லாம் ஒன்றிரண்டு நாளுக்குள் முடிந்தாக வேண்டும். குருதி வகை, ஸ்கேன், இருதயம், மனநல வைத்தியரின் நேர்காணல் எல்லாமே அவசரம்.

அந்த அவசரத்தில் விடுதிக்கு வெளியே நடைபாதையில் நடப்பதை எவரும் எழுதுவதில்லை. எங்கள் உறவினர் பன்னிரண்டு பேர் அங்கே கூடியிருந்தார்கள். யார் கொடுப்பது என்ற கேள்வி எழுந்ததும் எல்லாருடைய கண்களும் அவன் மனைவியிடம் போயின. இருபத்து மூன்று வயது. இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. அவனுடைய அண்ணன்மார் இருவர் அங்கேதான் நின்றார்கள். அவர்களுள் ஒருவருக்கு அதே குருதி வகை. "அவளுக்குத்தானே புருசன்" என்று ஒரு முதிய பெண்மணி சொன்னார். கொடையாளர் இறக்கும் ஆபத்து ஆயிரத்தில் சில பேருக்கு என்ற அளவில் மிகக் குறைவுதான். ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. அது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நல்ல காலமாக, கொடையாளரைத் தனியே அறைக்குள் அழைத்து, உறவினர் எவரும் இல்லாமல், "உங்களுக்கு விருப்பமில்லை என்றால் இங்கேயே சொல்லுங்கள், வெளியே நாங்கள் பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லிவிடுவோம்" என்று கேட்கும் வழக்கம் அங்கே இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவர் சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்த்தவர், சீனக்குடாவில் முன்னர் வேலை செய்து தமிழ் பழகிய ஒரு சிற்றூழியர். அவரும் இல்லாத நாளில் அந்தக் கேள்வியை உறவினர் ஒருவரே மொழிபெயர்த்திருப்பார். அப்போது அந்தக் கேள்விக்கே பொருள் இல்லை. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொல்லி நான்கு தசாப்தங்கள் ஆகப்போகின்றன. ஈரலைக் கொடுக்கச் சம்மதிக்கும் தாளில் ஒருவர் எதற்குக் கையெழுத்து வைக்கிறார் என்பதைத் தம்முடைய மொழியில் வாசிப்பதற்கு அதைவிடப் பெரிய சட்டம் தேவையில்லை.

அவள் சம்மதித்தாள். பொருந்தியும் வந்தது. ஆனால் சோதனை முடிவுகள் வந்த அன்று விடியற்காலையில் அவனுடைய கண்மணிகள் வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. மூளை வீக்கம் சத்திரசிகிச்சையைத் தாங்கும் எல்லையைக் கடந்துவிட்டது. மாலையில் இறந்துபோனான். அவளுடைய ஸ்கேன் படங்களும் குருதி அறிக்கைகளும் அடங்கிய மஞ்சள் உறை இன்னும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. இரண்டு நாள் முந்தியிருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டு நாள் முந்தியிருந்தால் அந்த உறைக்கு ஒரு பயன் இருந்திருக்கும் என்பது மட்டும் உறுதி.

சென்னைக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று செத்த வீட்டுக்கு வந்தவர்கள் பலர் கேட்டார்கள். நாட்பட்ட நோயாளர் பலர் அங்கே சென்று சிகிச்சை பெற்றுத் திரும்பியிருப்பது உண்மை. ஆனால் மூளை இறந்தவரின் ஈரல் அங்கேயும் முதலில் அந்நாட்டவருக்கே. வெளிநாட்டவர் வரிசையின் கடைசியில். உறவினரைக் கொடையாளராகக் கூட்டிப்போவதற்குத் தூதரகச் சான்று முதலிய பத்திரங்கள் வேண்டும். மணிக்கணக்கில் மோசமாகும் ஒரு நோய்க்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்ட வழிதான். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. 2008இல் விபத்தில் மூளை இறந்த தமது மகனின் உறுப்புகளைச் செங்கல்பட்டுப் பக்கத்து மருத்துவத் தம்பதியினர் தானம் செய்தபோது, அந்தச் செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. உறுப்புத் தானம் சாதாரண குடும்பங்களின் பேச்சில் வந்தது அதன் பிறகே. கண் தானத்தில் நம் நாடு உலகுக்கே கொடுத்த நாடு. 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் எத்தனையோ நாடுகளுக்குக் கருவிழிகளை அனுப்பியிருக்கிறது. கண்ணைக் கொடுக்க முன்வந்த மக்கள் ஈரலைக் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம், இருதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே மரணத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதுதான் என்பது என் எண்ணம். அதை மேடைப் பேச்சால் மாற்ற முடியாது. குருக்களும் மௌலவிமாரும் பாதிரிமாரும் பிக்குகளும் தத்தம் சபையில், வைத்தியர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, மூளை மரணம் என்றால் என்ன என்று ஒரு முறையாவது பேசினால் மாறும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும் வெளியே செய்யும் சில சோதனைகளுக்கும், பின்னர் வாழ்நாள் முழுதும் தேவைப்படும் சில மருந்துகளுக்கும் செலவுண்டு. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு இப்போது பிரதேச செயலகங்கள் ஊடாகவும் விண்ணப்பிக்கலாம்; இதை அறியாதவர்களே அதிகம்.

தங்குமிடம்தான் எங்களை உடைத்தது. என் தங்கை மூன்று இரவுகள் வைத்தியசாலைக்கு எதிரேயுள்ள பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபடி தூங்கினாள். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்களுக்கு வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர்கள் நாம்; கோணேசர் கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு ஆள் பற்றாக்குறை வந்ததே கிடையாது. கொழும்புப் பக்கத்தில் நான்கு பாய் விரிக்கக்கூடிய ஓர் அறை, ஒரு குளியலறை, தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர், இவ்வளவையும் எங்கள் ஊர்ச் சங்கங்களும் கோயில்களும் பள்ளிவாசல்களும் சேர்ந்து நடத்த முடியாதா? கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் போகிறவர்களும் அங்கேதான் படுக்க வேண்டும் என்பதால், யார் நடத்துவது என்ற போட்டி இல்லாமல் நடத்த வேண்டும்.

மாற்று ஈரல் தேவைப்படாமலே தடுக்கக்கூடியவை குறித்து மருந்தாளன் என்ற முறையில் ஒரு சொல். காய்ச்சலுக்குப் பனடோல், அதாவது பரசிட்டமோல், போடுவது தவறில்லை; ஆனால் நல்ல உடற்கட்டுள்ள பெரியவர் ஒருவருக்கு 500 மில்லிகிராம் குளிசை நாளொன்றுக்கு எட்டு என்பதே உச்சம். தடிமன் குளிசைகள் பலவற்றிலும் அதே மருந்து கலந்திருப்பதை அறியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்களை என் சாளரத்தில் நாள்தோறும் கண்டேன். 2017இல் கிண்ணியாவை டெங்கு உலுக்கியபோது, காய்ச்சல் இறங்கவில்லையே என்று அளவை ஏற்றிக்கொண்டே போனவர்களையும் கண்டேன். மனம் வெறுத்தோ தெரியாமலோ அதிகமாக விழுங்கிவிட்டவர் முதல் நாள் நன்றாகவே இருப்பார். அந்த நலத்தை நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உடனே 1990 என்ற அம்பியூலன்ஸ் இலக்கத்தை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் முறிமருந்து இருக்கிறது. மனச்சுமையோடு இருப்பவர்கள் பேசுவதற்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1998இல் ஒரு பெட்டியில் விற்கக்கூடிய பரசிட்டமோல் குளிசைகளின் எண்ணிக்கையைச் சட்டத்தால் குறைத்தார்கள். அடுத்த பதினொரு ஆண்டுகளைப் பார்த்தால் அந்த மருந்தால் ஈரல் கெட்டு மாற்றுப் பட்டியலில் சேர்ந்தவர்கள் 61 வீதத்தால் குறைந்திருந்தார்கள். பெட்டிக்கடையில் கேட்ட அளவு அட்டையைக் கிழித்துக் கொடுக்கும் நம்மூரில் இதைப் பற்றி அதிகாரிகள் யோசிக்க வேண்டும்.

காசநோய்க் குளிசை எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மிகப் பெரும்பாலோர் அதனால் குணமடைகிறார்கள். குமட்டல், சாப்பாட்டு வெறுப்பு, கண்ணில் மஞ்சள் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். நிறுத்துவதா, மாற்றுவதா என்று அவர்கள் சொல்வார்கள். கீழ்க்காய்நெல்லி கொடுப்பவர்களுடன் நான் வாதாடப் போவதில்லை. கொடுப்பவர்கள், அதே நாளில் ஒரு குருதிச் சோதனைக்கும் அனுப்பட்டும். செங்கமாரி வந்தவர் பகலில் தூங்கி இரவில் விழித்தால், பொருந்தாமல் பேசினால், ஆளை மாற்றி அழைத்தால், தம் பெயரை எழுதத் தடுமாறினால், பகிடி என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள்.

இவ்வடையாளங்களை ஒரே தாளில், பெரிய எழுத்தில், மூன்று மொழிகளிலும் எழுதி வைத்திருக்கிறேன். சிங்களப் பகுதியைக் கந்தளாயில் என்னுடன் வேலை செய்த பழைய நண்பர் எழுதித் தந்தார். ஈரல் நோய் வைத்தியர் ஒருவர் மூன்றையும் பார்த்துத் திருத்தினார். வெளிநோயாளர் பிரிவுகளிலும் தனியார் சிகிச்சை நிலையங்களிலும் ஒட்டுவதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்துள்ளேன். அச்சுச் செலவை என் மருமகன் வேலை செய்த கராஜின் முதலாளி ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஒட்டுவதற்குச் சுவர் தர விரும்பும் கடைக்காரர்களும் பாடசாலைகளும் தங்கள் பத்திரிகை அலுவலகம் ஊடாக எனக்குத் தெரிவித்தால், நானே கொண்டுவந்து ஒட்டித் தருவேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை அரச மருந்தாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.